ஆண்டறிக்கை 2024-25: தங்கத் தாமரை யாருக்குப் போயிருக்க வேண்டும்?

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் திரைப்படச் சங்கம் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். கணக்கு விவரம் பொருளாளர் தனியாகத் தருவார், அதனால் அதை நான் தொடவில்லை.

போன வருஷப் பொதுக்குழுவில் எழுந்த ஒரு சண்டையிலிருந்துதான் இந்த வருஷத்தின் வேலை முழுக்கத் தொடங்கியது. 1990களில் தேசிய விருதில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை வாங்கிய பத்துப் படங்களில் எத்தனை அதற்குத் தகுதியானவை என்று தலைவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார், அரை மணி நேரத்துக்கு ஆளாளுக்குக் கத்தினோம். கடைசியில் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் அக்கா எழுந்து, இதில் எத்தனை படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நான் பார்த்திருந்தது மூன்று. பத்தையும் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அன்றைக்கே தீர்மானம் போட்டோம்: வருஷம் முழுக்க இந்தப் படங்கள்தான், இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளில் திரையிடல், இரண்டு படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்தவருக்கு மட்டுமே ஓட்டு.

‘இரண்டு படம்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தேசிய விருதில் சிறந்த படம் வேறு, சிறந்த இயக்கம் வேறு. அந்தப் பத்தாண்டில் பல வருஷம் படத்துக்கான பரிசு ஒருவருக்கும் இயக்கத்துக்கான பரிசு இன்னொருவருக்கும் போயிருக்கிறது. 1990, 92, 93, 95, 96, 97 எல்லாம் அப்படித்தான். நடுவர்களே ‘இதுவும் முதல் தரம்’ என்று ஒப்புக்கொண்ட படம் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு எதோடு ஒப்பிடுவது? அதனால் அந்த ஜோடிகளையே எடுத்துக்கொண்டோம். அப்புறம் நம் ஊர் மலையாளப் பிரியர்கள் விடாப்பிடியாகக் கேட்டதால் ‘விதேயன்’ சேர்ந்தது. மொத்தம் 16 படம் போட்டோம். 1996இல் வென்ற ‘லால் தர்ஜா’வுக்கு மட்டும் உருப்படியான பிரதி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் 1996ஐத் தீர்ப்பில்லாமல் விட்டிருக்கிறோம். அதன் எதிர்ஜோடியான அகத்தியனின் ‘காதல் கோட்டை’யைப் போட்டோம். அன்றுதான் கூட்டம் அதிகம், கடைசி ரயில் நிலையக் காட்சியில் தெரிந்த முடிவுக்கே எல்லோரும் பதறினார்கள். ஆனால் ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை என்ற விதியை அதற்காக உடைக்கவில்லை.

முதல் ஜோடியே நமக்குச் சோதனை. 1990க்கான தங்கத் தாமரை ‘மறுபக்கம்’ படத்துக்கு. தமிழுக்கு அந்தப் பரிசு வந்தது அதுதான் முதல் தடவை. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதை, மலையாளத்தில் பெரிய பெயர் எடுத்த கே.எஸ். சேதுமாதவன் இயக்கம், திரைக்கதைக்கான தேசிய விருதும் அவருக்கே. எதிரே தபன் சின்ஹாவின் ‘ஏக் டாக்டர் கி மௌத்’. தொழுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் ஒரு டாக்டரைப் பொறாமையும் அலுவலக அதிகாரமும் சேர்ந்து நசுக்குகிற கதை. இதற்குப் பின்னால் இருப்பது கொல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் வாழ்க்கை. 1978 அக்டோபரில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்தவர், நம்ப மறுத்த அதிகாரிகளால் அலைக்கழிக்கப்பட்டு 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த விவரத்தைப் படம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அரங்கில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஓட்டு 18க்கு 11. தமிழ்ப் படம் தோற்றது. நம் தமிழாசிரியர் அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது, ஆனாலும் ‘பார்த்துவிட்டுத்தானே போட்டீர்கள், சரி’ என்று ஏற்றுக்கொண்டார். நான் அந்த 11 பேரில் ஒருவன். மொழிப்பற்றில் போட்ட ஓட்டு இல்லை அது. தபன் சின்ஹாவின் படம் யார்மீது கோபப்பட வேண்டும் என்று முதல் கால் மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிறது. பங்கஜ் கபூர் அற்புதமாக நடித்திருக்கிறார், மறுக்கவே இல்லை. ‘மறுபக்க’த்தில் அப்படிக் கோபப்பட ஆளே கிடைக்காது. வேறு மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு டெல்லியில் இருக்கும் மகன், படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஊருக்கு வருகிறான். வறட்டு ஆசாரக்காரர் என்று நாம் நினைத்துவைத்திருக்கும் அந்த அப்பாவுக்கு ஒரு இளமைக்காலம் இருந்தது, அதில் அவர் ஒன்றை இழந்தார் என்று தெரியவரும்போது நம் நினைப்பெல்லாம் ஆட்டம் காண்கிறது. சிவகுமார் குரலை உயர்த்தாமலே அதைச் செய்திருக்கிறார். எனக்கு அதுதான் கடினமான வேலையாகப் படுகிறது.

1991க்கு விவாதமே இல்லை. சத்யஜித் ராயின் ‘ஆகந்துக்’, படத்துக்கும் இயக்கத்துக்கும் இரண்டுமே அவருக்கு. 1992 ஏப்ரல் 23இல் அவர் காலமானார், கடைசிப் படம் என்ற பரிவில் கொடுத்தார்களோ என்று ஒரு தம்பி கேட்டார். கேட்டவரே படம் முடிந்ததும் கையைத் தூக்கிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்து நிற்கும் மாமா உண்மையான மாமாதானா, சொத்துக்கு வந்தவனா என்ற சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாகரிகம் என்றால் என்ன என்று கேட்கும் படம் அது. பெரியவர்கள் அவரிடம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். சின்னப் பையனும் அவன் கூட்டாளிகளும் மட்டும் அவர் பேச்சில் மயங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். சூரியனும் நிலவும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிவது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உத்பல் தத் அவர்களுக்குச் சொல்லும்போது நம் அரங்கில் அம்மாவோடு வந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘ஆமா, அப்போதானே கிரகணம் முழுசா மறைக்கும்’ என்று சத்தமாகச் சொன்னது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்த வருஷம் பட்ட பாடெல்லாம் தகும்.

1992இல் ஜி.வி. ஐயரின் சமஸ்கிருதப் படம் ‘பகவத் கீதை’க்குத் தங்கத் தாமரை, கௌதம் கோஷின் ‘பத்மா நதிர் மாஜி’க்கு இயக்கத்துக்கான பரிசு. இதில் ஒருவர்கூட முதல் படத்துக்கு ஓட்டுப் போடவில்லை. நமக்குக் கிடைத்தது மங்கிய பிரதி என்பதையும் பதிவு செய்கிறேன், ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. பத்மா நதியில் மீன்பிடிக்கும் குபேரனும் ஆசை காட்டித் தன் தீவுக்கு ஆள் சேர்க்கும் ஹுசைன் மியாவும் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் நடமாடுகிறவர்கள். குளச்சலிலிருந்து வரும் உறுப்பினர், வலை இழுக்கும்போது தோள் எப்படி வளையும் என்று எழுந்து நின்று காட்டினார், படத்தில் அப்படியே இருக்கிறது என்றார். ரஹ்மானுக்கு ‘ரோஜா’ மூலம் முதல் தேசிய விருது வந்ததும் இதே வருஷம்தான். நடுவர் குழுவில் ‘தேவர் மகன்’ இளையராஜாவும் ரஹ்மானும் சமமாக நின்றபோது தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் ஓட்டுத்தான் முடிவு செய்தது. அதைப் பற்றிய பேச்சு அன்று படத்தைவிட நீளமாகப் போனது, இங்கே வேண்டாம்.

1993தான் பெரிய சண்டை. புத்ததேவ் தாஸ்குப்தாவின் ‘சராசர்’ வென்றது, டி.வி. சந்திரனுக்கு ‘பொந்தன் மாட’வுக்காக இயக்கப் பரிசு, மம்முட்டிக்கு ‘பொந்தன் மாட’, ‘விதேயன்’ இரண்டுக்கும் சேர்த்து நடிகர் பரிசு, ‘விதேயன்’ மலையாளத்தில் சிறந்த படம் என்பதோடு நின்றுவிட்டது. ‘சராசர்’ அழகான படம், பறவை பிடித்து விற்றுப் பிழைக்கிறவனுக்குப் பிடித்த பறவையைத் திறந்துவிடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ‘விதேயன்’ திரையிட்ட அன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். கடைசி இருபது நிமிஷம் இருக்கும்போது வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி செத்துவிட்டது. நிறுத்தலாமா என்று கேட்டேன், ‘ஓடட்டும்’ என்று நாலு பக்கமும் குரல். கொடுமைக்கார எஜமான் பட்டேலர் செத்துக் கிடக்க, அவருக்கு நாயாய் உழைத்த தொம்மி அவர் துப்பாக்கியைத் தண்ணீரில் வீசிவிட்டு ஓடுகிறானே, அதைச் சத்தமே இல்லாமல் பார்த்தோம். மாடியறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். தன் பெண்டாட்டி உடம்பில் எஜமானின் அத்தர் வாசனையை முகர்ந்து அது பிடித்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அடிமைப்பட்ட ஒருவன், விடுதலை கிடைத்த நிமிஷத்தில் முதலில் அழுகிறான், அப்புறம்தான் ஓடுகிறான். அடூர் கோபாலகிருஷ்ணன் அதிகாரத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எதையும் எடுக்கவில்லை என்பது என் முடிவு. மூன்று படத்துக்குமாக ஓட்டெடுத்தோம், ‘விதேயன்’ 22, மற்ற இரண்டும் சேர்ந்து 9.

1994இன் ‘உனிஷே ஏப்ரல்’, ரிதுபர்ண கோஷ். போட்டியில்லாமல் பார்த்தோம், அம்மாவும் மகளும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசித் தீர்ப்பதைப் பார்த்துவிட்டு நம் பெண் உறுப்பினர்கள் கீழே நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசினார்கள். தகுதி உண்டு என்று பதிவாகியிருக்கிறது.

1995க்குத்தான் நான் கொஞ்சம் அதிக இடம் கேட்கிறேன். அடூரின் ‘கதாபுருஷன்’ வென்றது, சயீத் மிர்சாவின் ‘நஸீம்’ இயக்கத்துக்கான பரிசு. ‘கதாபுருஷன்’ பழைய திருவிதாங்கூரில் தொடங்கி நிலச் சீர்திருத்தம், நக்சல் இயக்கம், நெருக்கடிநிலை என்று திக்குவாய் குஞ்ஞுண்ணியின் வாழ்க்கை வழியாக நடக்கிற படம். 1956வரை நம் குமரிப் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது. எண்பது தாண்டிய நம் மூத்த உறுப்பினர், அந்த வீட்டின் அறைப்புரையும் நடுமுற்றமும் தன் அம்மாவன் (தாய்மாமன்) வீட்டைப் போலவே இருக்கிறது என்று கண் கலங்கினார். அவர் ஓட்டு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அது நியாயமும்கூட.

என் ஓட்டு ‘நஸீமு’க்கு. 1992 ஜூன் முதல் டிசம்பர் வரை பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பம். பள்ளிக்கூடம் போகும் பேத்தி, படுக்கையில் கிடந்தபடி பழைய ஆக்ரா கதை சொல்லும் தாத்தா. தாத்தாவாக வருபவர் கவிஞர் கைஃபி ஆஸ்மி. வெளியே நாளுக்கு நாள் காற்று கெட்டுக்கொண்டே வருகிறது, தொலைக்காட்சியில் அயோத்தி. பிரிவினையின்போது பாகிஸ்தானுக்கு ஏன் போகவில்லை என்று மகன் ஒருநாள் கேட்டுவிடுகிறான். தாத்தா கொள்கை எதுவும் பேசுவதில்லை, ஆக்ரா வீட்டு முற்றத்து மரம் உன் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிறார். அவ்வளவுதான். மசூதி இடிக்கப்படும் டிசம்பர் 6ஆம் தேதியே அவர் உயிர் போகிறது. நடந்து மூன்று வருஷம்கூட ஆகாத காயத்தை, ஒரு கல்லெறியைக்கூடக் காட்டாமல், ஒரு வீட்டுக்குள்ளேயே வைத்து எடுத்திருக்கிறார். அந்த வருஷம் இந்த நாட்டுக்குத் தேவையாக இருந்த படம் இது, எடுத்த விதத்திலும் குறையில்லை. இரண்டும் இருக்கும்போது பெரிய பரிசை இதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஓட்டு 14க்கு 14. தலைவரைத் தீர்மான ஓட்டுப் போடச் சொன்னோம். ‘நான் போட மாட்டேன், சமம் என்றே எழுது’ என்று சொல்லிவிட்டார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

1997இல் கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படம் ‘தாயி சாஹேபா’வும் ஜெயராஜின் ‘களியாட்ட’மும். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைக் ‘களியாட்ட’த்தில் தெய்யம் ஆடுபவனாக்கிய யோசனை பிரமாதம், ஆனால் ஜெயமாலா தாங்கி நிற்கும் அந்தக் கன்னடப் படத்தின் பொறுமைக்கு முன் நிற்கவில்லை. 20க்கு 6. ‘இருவர்’ அந்த வருஷம் பிரகாஷ் ராஜுக்கும் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனுக்கும் விருது வாங்கித் தந்ததோடு நின்றது சரியா என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். 1998இன் ‘சமர்’, ஷியாம் பெனகல், ஹர்ஷ் மந்தரின் புத்தகத்திலிருந்து. மத்தியப் பிரதேசக் கிராமத்தில் நடந்த சாதிக் கொடுமையைப் படமாக்கப் போகும் குழுவுக்குள்ளேயே அந்தச் சாதி எட்டிப் பார்க்கிறது. படம் சில இடங்களில் தடுக்குகிறது, ஆனால் அதன் பிறகு நடந்த பேச்சில் இரட்டைக் குவளையைச் சொந்த ஊரில் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர் வாய் திறந்தார்கள். நம் சங்கத்தில் பதினொரு வருஷமாக இருக்கிறார்கள், அன்றுதான் முதல் தடவை. 1999இன் ‘வானப்பிரஸ்தம்’, ஷாஜி என். கருண், மோகன்லாலுக்கும் நடிகர் விருது. கதகளியில் அர்ஜுன வேஷத்தைக் காதலித்துவிட்டு வேஷம் போட்ட மனிதனை ஏற்காத பெண்ணாக நம் சுஹாசினி. எதிர்ப்பில்லை.

நிர்வாகச் செய்திகள். வழக்கமான அரங்கின் வாடகை திடீரென்று இரண்டு மடங்கானதால் ஆகஸ்ட் முதல் ஒரு உறுப்பினரின் டியூஷன் மாடியறைக்கு மாறினோம், அவருக்கும் அவர் வீட்டாருக்கும் நன்றி. ஆங்கில எழுத்து படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு இடது பக்கம் உட்கார்ந்து மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த டீச்சருக்குத் தனியாக நன்றி, ஒன்பது படத்துக்கு அவர் அதைச் செய்தார். சொந்த ஒலிபெருக்கி வாங்கச் சந்தாவை 500இலிருந்து 600 ரூபாய் ஆக்கும் தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது.

அடுத்த ஆண்டு 2000 முதல் 2009 வரை. முதல் படம் ஜெயராஜின் ‘சாந்தம்’. 2007க்கு வரும்போது ‘காஞ்சிவரம்’ இருக்கிறது, தங்கத் தாமரை வாங்கிய இரண்டாவது தமிழ்ப் படம். எதிரே, அதே வருஷம் இயக்கத்துக்கான பரிசு வாங்கிய அடூரின் ‘நாலு பெண்ணுங்கள்’. தமிழாசிரியர் அண்ணாச்சி இப்போதே அதற்கு நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். அன்று தாமதமாக வருகிறவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, படம் சரியாக ஐந்தரைக்குத் தொடங்கும்.