தவறான அடாப்டரைச் செருகினாலும் பெடல் எரியாதிருக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலையில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையும் பங்குத் திருவிழாக்களும் நெருங்கும் காலத்தில் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கிட்டார் பெடல்கள் (கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சிறு மின்கருவிகள்) என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பல, வாசித்துத் தேய்ந்தவை அல்ல. பொருந்தாத அடாப்டரைச் செருகியதால் ஒரு நொடியில் எரிந்தவை. இந்த இழப்பை எளிதில் தடுக்க முடியும் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவர் எதிரொலி தரும் டிலே பெடல் ஒன்றைக் கொண்டுவந்தார். அடிப்பலகையின் நான்கு திருகுகளைக் கழற்றியதுமே கருகல் வாடை முகத்தில் அடித்தது. அடாப்டர் ஜாக்கின் பின்னால் இருந்த, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குச் செல்லும் செம்புத் தடம் பலகையை விட்டு எழும்பி நின்றது. பக்கத்திலிருந்த, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதால் வீட்டு வைஃபை ரூட்டரின் அடாப்டரைச் செருகினாராம். "தப்பு என்மேலதான் அண்ணே" என்று தலைகுனிந்து நின்ற அந்தத் தம்பியின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஏனெனில், பெரும்பாலான கிட்டார் பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டி.சி.; அதிலும் செருகியின் நடுத்துளை எதிர்முனையாகவும் வெளிக்குழல் நேர்முனையாகவும் இருக்க வேண்டும். ரூட்டர், கண்காணிப்பு கேமரா போன்றவற்றின் அடாப்டர்களோ பெரும்பாலும் 12 வோல்ட், அதுவும் நடுவில் நேர்முனை. இரண்டுக்கும் செருகியின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை பெரும்பாலும் 2.1 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது, சிக்கெனப் பொருந்தியும் விடும். பெடலில் முனைகள் இப்படித் தலைகீழாக அமைந்ததற்கும் காரணம் உண்டு: அடாப்டரைச் செருகியதும் ஜாக்கின் உள்ளே இருக்கும் சுவிட்ச் பேட்டரியின் நேர்முனையைத் துண்டிக்க, நேர்முனை வெளிக்குழலில் இருப்பதே வசதியாக இருந்தது. அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் முனைக் குறியை, இருட்டான மேடை ஓரத்தில் குனிந்து பார்த்துச் செருகு என்று யாரிடம் சொல்வது? காப்பு, பெடலின் பலகையிலேயே இருக்க வேண்டும்.

பல பெடல்களில் ஒரு டயோடு இருக்கத்தான் செய்கிறது. அது மின்வழியின் குறுக்கே, முனை மாறினால் மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிவிடுமாறு பொருத்தப்பட்டிருக்கும். பேட்டரியும், சில நூறு மில்லிஆம்பியர் மட்டுமே தரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரும் புழங்கிய காலத்தில் அது போதுமானதாக இருந்தது. முனை மாறினால் அடாப்டரே துவண்டுவிடும். இன்றைய அடாப்டர்கள் ஒன்று, இரண்டு ஆம்பியர் தருகின்றன. ஓர் ஆம்பியர் டயோடு சிறிது நேரம் தாக்குப்பிடித்துப் பின் பிளந்துவிடுகிறது. பிளந்த மறுகணம் தலைகீழ் மின்சாரம் முழுவதும் சுற்றுக்குள் பாய்கிறது. அந்தத் தம்பியின் பெடலில் நடந்ததும் இதுவே.

எனவே டயோடை மின்வழியின் குறுக்கே வைக்காமல், மின்வழியிலேயே தொடராக வையுங்கள் என்று, சொந்தமாகப் பெடல் செய்யும் நம் மாவட்ட இளைஞர்களையும் பழுதுபார்க்கும் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அப்படி வைத்தால் தலைகீழ் மின்சாரம் உள்ளே நுழையவே முடியாது. சாதாரண 1என்4001 டயோடு ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதால் ஒலியின் தன்மை மாறும் என்று வாசிப்பவர்கள் அஞ்சுவர். ஷாட்கி என்ற வகை டயோடான 1என்5817 அதில் பாதியளவே விழுங்கும். ஆனால் அது தாங்கும் எதிர்மின்னழுத்தம் 20 வோல்ட் மட்டுமே. மடிக்கணினி அடாப்டர் 19 வோல்ட் தருவதால், 40 வோல்ட் தாங்கும் 1என்5819 என்பதையே நான் பொருத்துகிறேன். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பாகம் அது.

அந்தச் சிறு இழப்பும் கூடாது என்பவர்கள் பி-சேனல் மாஸ்ஃபெட் என்ற, சுவிட்ச் போல் இயங்கும் டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தலாம். பெடல் இழுக்கும் சில பத்து மில்லிஆம்பியருக்கு அதில் விழும் மின்னழுத்தம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் அதன் கால்களில் டிரெயின் அடாப்டர் பக்கமும் சோர்ஸ் சுற்றின் பக்கமும் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் பொருத்திவிட்டு, காப்பு இருக்கிறது என்று நம்பியிருந்த பலகைகளைக் கண்டிருக்கிறேன். அப்படிப் பொருத்தினால் மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே அமைந்துள்ள டயோடு தலைகீழ் மின்சாரத்துக்குக் கதவைத் திறந்துவிடும்.

முனை சரியாக இருந்தும் மின்னழுத்தம் கூடினால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒலிக் குறிகையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐ.சி.கள் பெரும்பாலும் 12 வோல்ட்டைத் தாங்கும். ஆனால் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கவோ முனை மாற்றவோ சில பெடல்களில் வைக்கப்படும் மேக்ஸ்1044 போன்ற ஐ.சி.யின் உச்ச வரம்பு 10.5 வோல்ட்தான். மின்னழுத்தம் குறித்த அளவைத் தாண்டாமல் பிடித்துவைக்கும் ஜீனர் டயோடு 12 வோல்ட் வகையாக இருந்தால் அத்தகைய பெடலில் பயனில்லை. 10 வோல்ட் ஜீனரும் அதற்கு முன்னால், மின்சாரம் மிகுந்தால் சூடேறித் தடுக்கும் ஒரு பாலிஃபியூஸும் வேண்டும். பாலிஃபியூஸ் சூடேறித் தடை கூடுவதற்குச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், அதுவரை தாங்கக்கூடிய வாட் அளவுள்ள ஜீனராகப் பார்த்து வாங்க வேண்டும்.

விற்பனையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெடலை விற்கும்போது ஜாக்கின் அருகில் "9 வோல்ட், நடுவில் எதிர்முனை" என்று தமிழில் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுங்கள். ஆலயங்களில் ஒலியமைப்பைக் கவனிப்பவர்கள், பெடலுக்குரிய அடாப்டரின் செருகியில் சிவப்பு நாடா சுற்றி, மற்ற அடாப்டர்கள் கிடக்கும் பெட்டியில் போடாமல் தனியே வைக்கலாம். எங்கள் ஆலயத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அந்த மாணவரின் பெடலில் டிலே ஐ.சி.யும் கப்பாசிட்டரும் மாற்ற வேண்டியதாயிற்று. எழும்பிய தடத்தை நீக்கி மெல்லிய கம்பி இழுத்திருக்கிறேன். பிளந்த டயோடு இருந்த இடத்தைக் காலியாக விட்டு, மின்வழியில் 1என்5819 ஒன்றைத் தொடராகப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.