மலைத் தண்ணீருக்கு ஆர்ஓ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி ஒரு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். போர் தண்ணீரை நம்பியிருக்கும் நகரங்களைப் பற்றிய வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பத்தியில், போகிற போக்கில், மலைப்பகுதிகளும் இதற்கு விதிவிலக்கல்ல, தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டும் ஆர்ஓ மெஷின் பொருத்துவதே பாதுகாப்பு என்று ஒரு வரி. எழுதியவர் எந்த மலைக்கு வந்தார், எந்தக் குழாயைத் திறந்து பார்த்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பக்கத்தில் படம் மட்டும் வழக்கம்போல ஊட்டி ஏரி. கோத்தகிரியில் மண் சரிந்தாலும் உங்களுக்கு ஊட்டி ஏரிதான், கூடலூரில் யானை வந்தாலும் ஊட்டி ஏரிதான்.

நான் 31 வருஷம் தேயிலை பாக்டரியில் இருந்தவன். கடைசி 11 வருஷம் டீ மேக்கர். தினமும் காலையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து ருசி பார்க்கிற வேலை. தண்ணீர் சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல தூளும் கெட்ட பெயர் வாங்கிவிடும்.

என் மகள் கோவைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். சமையலறையில் இரண்டு குழாய். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எப்போதாவது எட்டிப் பார்க்கும், மற்ற நாளெல்லாம் போர்தான். போன தடவை நானே இங்கிருந்து கொண்டுபோன தூளை அந்த உப்புத் தண்ணியில் போட்டேன். செம்பு நிறத்தில் பளிச்சென்று இறங்க வேண்டிய சாயம் சேறு கலந்தது போல மங்கி இறங்கியது. ஆறுவதற்குள் மேலே ஒரு ஏடு படர்ந்தது. டம்ளரை லேசாக ஆட்டினால் அது துண்டு துண்டாக உடைந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "மாமா, தூள் பழசா?" என்று மாப்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார். 31 வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி! கெட்டிலைக் கவிழ்த்து அடியில் கெட்டியாகப் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் காட்டிய பிறகுதான் நம்பினார். அந்த வீட்டில் துவரம்பருப்புகூட எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டே நிற்கும்.

அங்கே அப்படி இருப்பதற்குக் காரணம் பாறை. மழைத் தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் தண்ணீர் சோலையிலும் புல்வெளியிலும் ஊறி ஓடையாக இறங்குகிறது. கீழேயிருந்து வருகிற சொந்தக்காரர்கள் குளித்துவிட்டு, எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு வழுவழுப்புப் போகவில்லை என்று புலம்புவார்கள். அவ்வளவு மென்மை. குந்தா ஆறு வழியாக இதே மலைத் தண்ணீர் பில்லூர் அணைக்கு இறங்கினால் கோவைக்குக் குடிநீர். எங்கள் வீட்டுக் குழாயில் வந்தால் மட்டும் ஆர்ஓ வேண்டுமாம்.

இதையே சொல்லிக்கொண்டு போன வருஷம் ஒரு பையன் மெஷின் விற்க வீட்டுக்கு வந்தான். இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தான். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும், அதை அழுக்கு என்று காட்டி விற்பது பழைய வித்தை. எங்கள் தண்ணீரில் கரண்டைக் கடத்த உப்பு எங்கே இருக்கிறது? ஐந்து நிமிஷம் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், லேசாக ஒரு மஞ்சள் நிறம், அவ்வளவுதான். அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டான். ஐம்பதைக்கூடத் தொடவில்லை. பையன் அசரவில்லை. "ஐயா, உங்க தண்ணியில மினரலே இல்ல, சேர்த்துக் கொடுக்கிற மாடல் 18,000 ரூபாய்தான்" என்றான். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன்.

எங்களுக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் குழாய் திறந்தால் அதிர்ஷ்டம். மென்மையான தண்ணீர் இரும்புக் குழாயை அரித்துவிடும், முதல் இரண்டு குடம் செம்மண் நிறத்தில்தான் வரும். மழைக்காலத்தில் ஓடையில் கலப்பதெல்லாம் வீடு வரைக்கும் வந்துவிடும். அந்தக் கிருமியை டிடிஎஸ் மீட்டர் காட்டாது. அதற்குக் குளோரின் போட வேண்டும், நாம் கொதிக்க வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைத் தடை செய்துவிட்டுத் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள், நான் ஐந்து ரூபாய் போட்ட ஒன்று ஐந்து ரூபாயை வைத்துக்கொண்டது. இதையெல்லாம் எழுத உங்களுக்குப் பக்கம் கிடைக்காது. மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு நான்கு பக்கம் கிடைக்கும். பச்சைத் தேயிலை விலை வந்துகொண்டிருந்த மூலையில் இப்போது ராசிபலன் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மா கணவரின் பென்ஷனில் வாழ்கிறவர். உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் கொண்டுவந்து, அந்த மெஷின்காரப் பையனின் நம்பர் இருக்கிறதா என்று கேட்கிறார். நான் சொன்னால், பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்கிறார். உங்கள் பத்திரிகை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். மலைத் தண்ணீருக்கு அந்த வரி பொருந்தாது என்று ஒரு திருத்தமும், நம் மாவட்டத்தில் தண்ணீரைப் பரிசோதனைக்கு எங்கே கொடுக்கலாம் என்ற விவரமும் நான்கு வரியில் போடுங்கள். ஒன்றாம் தேதி பென்ஷன் வருகிறது. அதற்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
கோத்தகிரி