சொந்தமாக எழுதிப் பழக ஒரே ஒரு தாள் கேட்கிறோம்: முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஏப்ரலில் எம்.ஏ. ஆங்கிலம் கடைசி செமஸ்டர் எழுதி முடித்தேன். முதல் வகுப்பு வந்துவிடும். இரண்டு வருடத்தில் சாசர் தொடங்கிப் பின்காலனியம் வரை படித்தாயிற்று. ஆனால் நீயாக யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியதைக் காட்டு என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. எல்லாத் தாளுக்கும் ஸ்பைரல் போட்ட நோட்ஸ் கிடைக்கும். கடைக்கார அண்ணன் பத்தாவதோடு நின்றவர். ஆனால் எந்த யூனிட்டில் எந்தக் கேள்வி விழும் என்பது எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். "மூணாவது யூனிட்ல இந்த எஸ்ஸேயை மட்டும் பார்த்துக்கம்மா, போன தடவை வரல." சொன்னபடியே வந்தது. (இப்போது கைப்பேசியே பதில் எழுதிக் கொடுத்துவிடுவதால் அவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது.)

இரண்டாம் செமஸ்டர் உள்மதிப்பீட்டுத் தேர்வில் நான் ஒரு தப்புச் செய்தேன். கீட்ஸ் கவிதை ஒன்றில் எனக்கு எந்த இடம் ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்று சொந்தமாக மூன்று பக்கம் எழுதிவிட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'ரெஃபரன்ஸ்?' என்று ஒரு கேள்விக்குறி, 15க்கு 6. நோட்ஸை அப்படியே இறக்கி வைத்த தோழிக்கு 12. ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை, தனியாகக் கூப்பிட்டு அக்கறையாகத்தான் சொன்னார். "நீ என்ன நினைக்கிறேன்னு யாரும்மா கேட்டா? கிரிட்டிக் என்ன சொன்னார்னு எழுது. பேப்பர் திருத்துறவங்க அதைத்தான் தேடுவாங்க." அவர் சொன்னதில் பொய்யில்லை. அடுத்த தேர்வில் எனக்கும் 12.

இனி அந்த ஒரு வரி. ஒருநாள் வகுப்பாசிரியர் விடுப்பு. கௌரவ விரிவுரையாளர் ஒருவர் வந்து, கரும்பலகையில் குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டிலிருந்து 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று எழுதினார். "இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்." யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. ஓர் எழுத்து மாறினால் 'என்' போய் 'உன்' வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு தனிச்சொல் வைக்க வேண்டும், வைத்ததும் ஓசை செத்துவிடுகிறது. ஒருத்தி 'ஹூ' போட்டாள். அது ஆள் யாரென்று விசாரிப்பதுபோல் இருக்கிறது, இங்கே கேட்பது உறவையல்லவா என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். இரண்டு வருடமாக வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "'மாம்' மட்டும் வேண்டாம் சார், சீரியல் மாதிரி இருக்கு" என்றாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஏழு தடவை அடித்து எழுதிய அந்த வரி இன்னும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கவிஞர் ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1962இல் சிகாகோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் சிக்கியது. அதிலிருந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் வந்தது. நாங்கள் சிகாகோ வரை போக வேண்டியதில்லை. தமிழ்த்துறைக்கும் எங்கள் துறைக்கும் நடுவில் ஒரு வராண்டாதான்.

பாடத்திட்டத்தை மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டதால் கேட்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் நான்கு கிரெடிட்டுக்கு, சொந்தமாக எழுதுவதற்கென்று ஒரே ஒரு தாள் வையுங்கள். அதற்கு 75 மதிப்பெண் மூன்று மணி நேரத் தேர்வு வேண்டாம். ஒரு கட்டுரை, ஒரு கதை, தமிழிலிருந்து பத்துப் பக்க மொழிபெயர்ப்பு போதும். முதல் வரைவிலிருந்து கடைசி வரைவு வரை எல்லாம் ஃபைலில் இருக்கட்டும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், 'இந்த வரியை ஏன் மாற்றினாய்?' என்று கேளுங்கள். கைப்பேசியிடம் எழுதி வாங்கியவர் அங்கே திணறிவிடுவார்.

கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தகுதித் தேர்வுக்கு இது உதவாது என்பீர்கள். உண்மைதான். அங்கே 150 கேள்வி, 300 மதிப்பெண், எல்லாமே நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒரு வாக்கியம்கூட எழுதாமல் உதவிப் பேராசிரியர் தகுதி வாங்கிவிடலாம். அப்படி வாங்கியவர்தான் நாளைக்கு மாணவர் எழுதியதைத் திருத்தப்போகிறார்.

எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்றும் ஒரு கேள்வி வரும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இலேயே இதற்குப் பட்டறை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் எம்.ஏ. படிப்பாகவே வைத்தது. 2017இல் நோபல் வாங்கிய கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். எங்கள் வகுப்பிலிருந்து நோபல் வருமென்று சொல்ல வரவில்லை. வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தையாவது பார்த்து எழுதாமல் எழுதுவோம்.

முப்பது பேர் எழுதுவதை ஓர் ஆசிரியர் எப்படித் திருத்துவார் என்பது நியாயமான கவலை. பட்டறைகளில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று பேர் எழுதியதைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வகுப்பு முழுக்கப் படித்து வந்து பேச வேண்டும். பிரதி எடுக்க எதிரிலேயே கடை இருக்கிறது. அண்ணனுக்கும் வியாபாரம் நடக்கும்.

இப்படிக்கு,
எம்.ஏ. ஆங்கிலம் முடித்த ஒரு மாணவி