சங்கீத வகுப்பைத் திருப்பித் தாருங்கள்: அதிபருக்கும் அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

வணக்கம். தரம் 10 பாடத்தெரிவு பற்றி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு வரி நினைவிருக்கும். "இவ்வருடம் கர்நாடக சங்கீதம் நடைபெறாது. மாணவிகள் சித்திரத்தைத் தெரிவு செய்யவும்." காரணம் சொல்லப்படவில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்: சங்கீத அறை ஸ்மார்ட் வகுப்பறையாகிவிட்டது. இடமாற்றம் கிடைத்துப் போன சங்கீத டீச்சருக்குப் பதிலாக ஒருவரைக் கேட்டு விண்ணப்பித்தீர்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

அந்த அறையின் திறப்பு விழாவில் வரவேற்புப் பாடல் பாடியதும் இதே பிள்ளைகள்தான். பதினொரு பேர். தங்கள் வகுப்பை மூடும் விழாவுக்கு இரண்டு கிழமை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

என் மகள் தரம் 6 இலிருந்து நான்கு வருடம் சங்கீதம் படித்தவள். சித்திரப் பாடத்தை தரம் 5 ஓடு விட்டவள். போன கிழமை வகுப்பில் ஒரு பூச்சாடியை வைத்துக் கீறச் சொன்னார்களாம். பக்கத்துப் பிள்ளை நிழல் போட்டு முடிக்கும்வரை இவள் சாடியின் விளிம்பையே அழித்து அழித்துக் கீறியிருக்கிறாள். தாள் ஓட்டை விழுந்துவிட்டது. அந்தத் தாளை நான்காக மடித்துப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருந்ததை நான்தான் கண்டேன். "அம்மா, அவங்க நாலு வருஷமாக் கீறுறாங்க. எனக்குக் கலர் கலக்கவே தெரியாது" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் சாதாரண தரத்துக்கு அமர வேண்டும். சங்கீதம் என்றால் செயன்முறைப் பரீட்சைக்கு இப்போதே பயமில்லாமல் போய் அமர்ந்திருப்பாள்.

கல்விச் சீர்திருத்தம் வருகிறது, அழகியல் பாடங்கள் எப்படியும் மாறும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். புதிய பாடத்திட்டம் தரம் 1 இலும் 6 இலும் தொடங்குவதாகத்தான் அறிவிக்கப்பட்டது. தரம் 10 பிள்ளைகளுக்குப் பழைய ஒழுங்குதான். அதில் தெரிவுப் பாடங்களின் இரண்டாம் தொகுதியில் கர்நாடக சங்கீதம் இருக்கிறது. ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: தரம் 10 இல் சங்கீத வகுப்பை இந்தத் தவணையே மீண்டும் தொடங்குங்கள்.

ஸ்மார்ட் பலகைக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. அதற்குப் பணம் கொடுத்தவர்களும் நாங்கள்தானே. ஆனால் அந்தப் பலகை இன்றுவரை எத்தனை பாடவேளை இயங்கியது? அறை பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் என்று ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. தூசு படாமல் இருக்கப் பூப்போட்ட உறை வேறு. பக்கத்து வகுப்பில் கணித டீச்சர் வெண்கட்டித் தூளில் இருமிக்கொண்டே படிப்பிக்கிறார். 2022 இல் 13 மணி நேர மின்வெட்டையும் பார்த்த நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் புகுந்ததில் நாடே இருண்டது. கையால் இயக்கும் சுருதிப் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. அதைத்தான் நீங்கள் களஞ்சிய அறையில் உடைந்த கதிரைகளுக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள்.

"வெள்ளவத்தையில் தனியாக வகுப்புக்கு அனுப்புங்கள்" என்றும் ஓர் ஆலோசனை வந்தது. சரி, எல்லாவற்றையும் ரியூஷனில்தான் படிக்க வேண்டும் என்றால் காலை ஏழரைக்கு வெள்ளைச் சீருடை மாட்டி பஸ்ஸில் நசுங்கி இங்கே எதற்கு வருகிறார்கள்? வரவுப் பதிவேட்டில் அடையாளம் போடவா?

கோபத்தில் கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். தனி அறைகூட வேண்டாம். கிழமைக்கு மூன்று பாடவேளை அந்த ஸ்மார்ட் வகுப்பறையையே திறந்துவிடுங்கள், பிள்ளைகள் பாய் விரித்து உட்காருவார்கள். டீச்சர் வரும்வரை, ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியை ஒருவரைப் பகுதிநேரமாக அழைக்க அபிவிருத்திச் சங்கம் அனுமதி தந்தால், கொடுப்பனவை நாங்கள் பதினொரு குடும்பங்களும் பகிர்ந்துகொள்கிறோம். சாதாரண தர விண்ணப்பத்தில் பாடங்களைப் பதியும் காலம் வருவதற்கு முன், தயவுசெய்து சங்கீத வகுப்பைத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரம் 10 மாணவி ஒருவரின் தாய்
கொழும்பு