தண்ணீர் மாதிரி சரி, குழந்தையின் மலமாதிரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எந்த ஊரில் வாந்திபேதி என்று செய்தி வந்தாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: குடிநீர் மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. படுத்திருக்கும் பிள்ளையின் மலத்தை யாராவது பார்த்தார்களா என்பது மட்டும் வருவதே இல்லை.

இதற்கெல்லாம் பெரிய மெஷின் வேண்டும் என்று நினைக்கிறார்கள். சளி கலந்த இடமாகப் பார்த்துத் துளி மலத்தை எடுத்து மெத்திலீன் ப்ளூ சாயத்தோடு ஸ்லைடில் வைத்தால், சீழ் அணுக்கள் கும்பலாகத் தெரிகிறதா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், தெரிந்தால் ஷிகெல்லா மாதிரிச் சீதபேதிக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீராகப் போகிறதா? மலத்தைக் கிருமி பெருகுவதற்கான ஆல்கலைன் பெப்டோன் வாட்டரில் 6 மணி நேரம் வைத்து, டிசிபிஎஸ் என்ற கிருமி வளர்ப்புத் தட்டில் கோடாக இழுத்தால், காலரா கிருமி இருந்தால் மறுநாள் மஞ்சள் காலனி வரும். அதைச் சோடியம் டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்புக் கரைசல் சொட்டில் குழைத்து, லூப் என்கிற கம்பி வளையத்தால் தூக்கிப் பாருங்கள், பாகு கம்பிப் பதம் வந்தது போல நூலாக இழுபடும். உறுதி செய்யக் கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிசீரம் வேண்டும், அதுதான் கொஞ்சம் விலை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஷிகெல்லா வெளியே வந்தால் சீக்கிரம் செத்துப்போகும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் காலையில் எடுத்த மலம் ஜன்னல் திட்டில் வெயில் காய்ந்து சாயங்காலம் என் மேசைக்கு வரும், நானும் 'கிருமி வளரவில்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருமுறை இல்லை, பலமுறை. அதற்குள் மருந்துக்கடை ஆன்டிபயாடிக் இரண்டு வேளை உள்ளே போயிருக்கும். பஞ்சுக்குச்சியில் எடுத்து கிருமியைச் சாகவிடாமல் வைக்கும் கேரி-பிளேர் குழாயில் செருகி ஐஸ் பெட்டியில் அனுப்பியிருந்தால் மறுநாள் வரைகூடத் தாங்கியிருக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் கல்ச்சர், அதாவது கிருமி வளர்க்கும் சோதனை, போடச் சொல்லவில்லை. ரோட்டா வைரஸ் தட்டில் வளராது, பேதி உண்டாக்கும் ஈ.கோலையும் குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலையும் மெக்கான்கி தட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும், பிரித்தறிய மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் சோதனை வேண்டும். ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது. ஆனால் இரத்தம் கலந்து போகிற பிள்ளைக்கும், ஒரே தெருவில் நாலைந்து பேர் படுத்தால் முதலில் வருகிறவர்களுக்கும், ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் ஒரு குச்சி எடுத்து வையுங்கள் என்கிறேன். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பத்து கேரி-பிளேர் குழாய் போதும், அப்புறம் காலாவதி தேதி பார்த்து மாற்ற ஒரு ஆள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.