விழா நாடகத்துக்குத் தேதியை முன்கூட்டியே கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில் கொடை, பங்குத் திருவிழா, வாசகசாலை ஆண்டு விழா எதுவானாலும் நம் குமரி மாவட்டத்து நோட்டீசில் ‘ஊர்க் கலைஞர்கள் நடிக்கும் சமூக நாடகம்’ என்று ஒரு வரி இருக்கும். பல ஊர்களில் இப்போது அந்த வரி இல்லை. கேட்டால், “நடிக்க ஆள் இல்லை” என்று கமிட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆள் இருக்கிறது. பிழைப்பையும் வீட்டையும் விட்டு ஒத்திகைக்கு வந்து சேரத்தான் வழி இல்லை. அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்து வளர்ந்தவர். அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் நடிகர்களுக்குச் சாப்பாடு, படுக்கை, பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். வாத்தியார் எப்போது கூப்பிட்டாலும் ஆள் நிற்கும். இன்று ஊர் நாடகத்தில் நடிப்பவர் விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர், முந்திரி ஆலையில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்து உலை வைக்கிறவர், கடலுக்குப் போகிறவர், ட்யூஷன் எடுக்கிறவர். இவர்களிடம் போய்க் கம்பெனி முறையில் “எல்லாரும் தினமும் வரணும்” என்று சட்டம் போட்டால் முதல் வாரம் எட்டுப் பேர் வருவார்கள், இரண்டாம் வாரம் ஐந்து பேர், மூன்றாம் வாரம் ஒத்திகை நின்றுவிடும். “வந்திருவேன் மக்கா” என்று சொன்னவர் வராமல் போவதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்லும்போது அவர் மனதார வருவதாகத்தான் சொல்கிறார். அவர் நாள் அவர் கையில் இல்லை.

முதலில் நேரம். மாலை ஆறு மணிக்கு மேல் சமையல், விளக்கேற்றுதல், கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம். நான்கு மணிக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்காவது படுக்க வேண்டும். உள்கிராமங்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஏழேகாலில் இருந்து எட்டே முக்கால் வரை, ஒன்றரை மணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட இழுக்கக் கூடாது. ‘இன்னும் ஒரே ஒரு சீன்’ என்று ஒன்பதரை ஆக்கிவிட்டால் மறுநாள் இரண்டு பேர் வரமாட்டார்கள். அதில் ஒருவர் நிச்சயம் பெண்ணாக இருப்பார், ஏனென்றால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வெள்ளிக்கிழமையைத் தொடாதீர்கள். அம்மன் கோவில்களில் பூஜை, தவக்காலத்தில் சிலுவைப்பாதை. ஞாயிறு காலை சமய வகுப்பும் மறைக்கல்வியும் திருப்பலியும் ஆராதனையும். ஞாயிறு மதியம் இரண்டரைக்கு மேல்தான் எல்லாரும் ஒன்றாகக் கிடைப்பார்கள்.

ஒரு மணி நேர நாடகத்துக்கு ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு மாலை. மொத்தம் 24 மாலை. இதில் ஐந்தை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் அட்டவணை போட வேண்டும். ஊரில் ஒரு சாவு விழும், ஒரு கல்யாணம் வரும், இடி மின்னலில் கரண்ட் போகும், யாராவது ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். எந்த நாள் என்றுதான் தெரியாதே தவிர, வரும் என்பது உறுதி. இருபத்து நான்கையும் நிரப்பி எழுதுகிறவர்கள்தான் கடைசி வாரத்தில் நள்ளிரவு வரை உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். மீதி 19 மாலையில் இருபத்தெட்டரை மணி நேரம், கடைசி நான்கு ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம் என்று பன்னிரண்டு. நாற்பது மணி நேரம் ஒழுங்காகக் கிடைத்தால் ஒரு மணி நேர நாடகம் நன்றாகவே நிற்கும்.

இதைச் சாத்தியமாக்குவது ஒரு சார்ட் பேப்பர்தான். இடப்பக்கம் நடிகர் பெயர்கள், மேலே காட்சி எண்கள். யார் எந்தக் காட்சியில் வருகிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். எட்டு நடிகர், ஒன்பது காட்சி என்றால் எழுபத்திரண்டு கட்டம். போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். 2, 6, 7-ஆம் காட்சிகளில் மட்டும் வருகிறவர் ஒருவர் இருப்பார். அவரைப் பத்தொன்பது மாலையும் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைப்பது, அவர் மனைவிக்கும் முதலாளிக்கும் நாடகத்தின் மேல் வெறுப்பு வரச் செய்கிற வேலை. அந்த மூன்று காட்சிகளையும் ஒரே மாலையில் அடுக்கினால் ஏழு மாலை அவருக்குப் போதும். காட்சியை வரிசையாகத்தான் ஒத்திகை பார்க்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. கடைசி இரண்டு ஞாயிறு மட்டும் முதலில் இருந்து முடிவு வரை நிறுத்தாமல் ஓட்டினால் சரி.

ஆள் தேர்வும் இந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். எல்லாக் காட்சியிலும் வருகிற அப்பா வேடத்தை ஷிப்ட் மாறுகிற டிரைவரிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் சரி. அவருக்கு இரண்டு கனமான காட்சிகள் கொடுங்கள்.

எந்த மாதம் என்பது தொழிலைப் பொறுத்தது. நம் மாவட்டம் சிறியது, ஆனால் ஒரே மாதம் எல்லா ஊருக்கும் ஒத்துவராது. குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கிற பிப்ரவரி, மார்ச்சில் பால்வெட்டுக்கு ஓய்வு விடுவார்கள். மேற்குப் பகுதிக் குழுக்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் அப்போது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கிவிடும், அந்த வகுப்புப் பிள்ளைகளை வேடத்தில் சேர்க்கவே கூடாது. அதே மாசி மாதம் நெல் விளைகிற நாஞ்சில் நாட்டில் முடியாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களின் பெயர்களிலேயே அறுவடை மாதம் இருக்கிறது. மலையாள மாதக் கணக்கில் கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி. அறுவடை நேரத்தில் வயல்காரரை ஒத்திகைக்குக் கூப்பிடுவது நியாயமில்லை. தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஓணம், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் உறக்கமே கிடையாது.

கடற்கரையில் கணக்கு வேறு. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரை மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் முதலாவதில் வருகிறது, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் இரண்டாவதில். இரண்டு பக்கத்து விசைப்படகு ஆட்களும் ஒன்றாகக் கரையில் இருப்பது ஜூன் முதல் பதினான்கு நாள்தான். இரு பக்க நடிகர்களையும் சேர்த்து நாடகம் போட நினைக்கிற குழு, முழு ஓட்டங்களை அந்த இரண்டு வாரத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை தொடங்குகிற நேரம், கூரையுள்ள இடம் கட்டாயம். தகர ஷெட்டாக இருந்தால் மழை இரைச்சலில் ஒரு வசனமும் கேட்காது, ஓட்டுக் கட்டடம் பாருங்கள்.

வசனப் பாடம் ஒத்திகை நேரத்தைத் தின்னக் கூடாது. அதற்கு போன் போதும். ஒவ்வொரு நடிகருக்கும் தனி ஒலிப்பதிவு: மற்றவர்கள் வசனத்தை இயக்குநரோ உதவியாளரோ நிதானமாகப் படிக்க வேண்டும், இவர் பேச வேண்டிய இடத்தில் அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிற நேரமும் கூட இரண்டு விநாடியும் மௌனம் விட வேண்டும். காட்சிக்கு ஒரு பதிவு, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரே நீளமாக முழு நாடகத்தையும் பதிந்து அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். முந்நூறு நானூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் நடக்கும்போதே கேட்டுப் பதில் சொல்லிப் பழகலாம். தூத்தூர் வட்டாரத்தில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் சிக்னல் இல்லாமல் இருப்பார்கள். வாட்சாப்பில் அனுப்பியதைக் கரையில் இருக்கும்போதே ஒருமுறை திறந்து இறக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடலில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடலில் இருந்து வந்து இறங்கிய அன்று ஒத்திகைக்குக் கூப்பிட வேண்டாம். உறங்கட்டும்.

மாற்று ஆள் இல்லாமல் எந்தக் குழுவும் இறங்கக் கூடாது. தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஆறு வாரத்தில் எல்லா வேடமும் மனப்பாடம் ஆகிவிடும். ஒரே காட்சியில் ஒன்றாக வராத இரண்டு நடிகர்கள் ஒருவர் வேடத்தை மற்றவர் படித்து வைக்கலாம், அதையும் அந்தச் சார்ட்டே காட்டும். நான்காம் வாரத்தில் ஒரு மாலை வேண்டுமென்றே ஆளை மாற்றி ஓட்டிப் பாருங்கள். வீட்டில் சாவு நடந்த ஒருவரிடம் “நாடகம் என்ன ஆகும்” என்று கேட்கிற கொடுமை அதோடு தீரும்.

விழா மேடை, நாடகத்தன்று பகலில்தான் கையில் கிடைக்கும். அதனால் மேடையின் நீள அகலத்தை முன்பே டேப் வைத்து அளந்து, ஒத்திகைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். வகுப்பறைக்குள் பழகியவர்கள் இருபதடி மேடையில் ஏறினால் நடுவில் ஒரே கொத்தாக நிற்பார்கள், ஏனென்றால் கால் அந்தத் தூரத்தைத்தான் பழகியிருக்கிறது. ஸ்பீக்கர் பாக்ஸ், மைக் வரிசைக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஊளைச் சத்தம் கேட்டு சவுண்ட்காரர் வால்யூமைக் குறைப்பார், வசனம் போய்விடும். கடற்கரை ஊர்களில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாவிட்டால் காற்றின் படபடப்புதான் கேட்கும். பின்திரை பாய் மாதிரி காற்றைப் பிடித்துக் கம்பத்தோடு சாயும். திரையில் அங்கங்கே அரைவட்டமாகக் கிழித்து மடிப்பு விட்டால் கொஞ்சம் காற்று ஊடே போகும், அடியில் மணல் சாக்கைக் கட்டுங்கள். ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐந்தை ஒரே பிளக்கில் சேர்த்தால் டிரிப் ஆகத்தான் செய்யும்.

இதெல்லாம் குழுக்கள் செய்ய வேண்டியவை. கமிட்டிகளிடமும் பங்குப் பேரவைகளிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். நாடகத் தேதியைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதுபோல் உங்கள் ஊர் விழா நாளும் உங்களுக்கு வருடத் தொடக்கத்திலேயே தெரியும். பதினைந்து நாள் இருக்கும்போது கூப்பிட்டு “ஒரு நாடகம் போடுங்களேன்” என்றால், அந்தப் பதினைந்து நாளும் பத்துக் குடும்பங்களில் சண்டை நடக்கும். மாலை ஒன்றரை மணி நேரத்துக்குச் சமுதாயக் கூடத்தின் சாவியைக் கொடுங்கள். பெண்கள் வீடு திரும்ப ஆட்டோக் கூலியை நாடகச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். லைட், செட், வேஷம் எல்லாம் அதற்குப் பிறகு.

நாடகத்தை நிகழ்ச்சியின் கடைசியில் தள்ளாதீர்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பரிசளிப்பு, பொன்னாடை எல்லாம் முடிந்து பத்தரைக்குத் திரை விலகினால், அந்நேரம் மைக் போடவே அனுமதி இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். நாற்பது மணி நேரம் உழைத்தவர்களின் நாடகம் பாதியில் மைக் அணைந்து நிற்பதைவிட வேதனை வேறில்லை. ஏழரைக்கு நாடகம், எட்டரைக்குப் பரிசளிப்பு என்று மாற்றினால் சிறு பிள்ளைகளும் பார்ப்பார்கள். நடித்தவரும் தேங்காய் எண்ணெய் போட்டு மேக்கப்பைத் துடைத்து, சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் படுக்கலாம். அவருக்கு மறுநாள் காலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
நாடகக் கலைஞர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.