உதயகிரிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆசிரியர்களுக்கு

குமரி மாவட்டத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் முன்னால் டச்சுத் தளபதி டிலனாய் சரணடையும் ஓவியம் இருக்கிறதல்லவா, அதைக் காட்டி "1741, குளச்சல் போர்" என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். பரீட்சைக்கு அது போதும். அடுத்து புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் மான் பார்த்து, மயில் பார்த்து, கடலை கொறித்துக்கொண்டே பிள்ளைகள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே கோட்டைக்குள், கூரை போன ஒரு சிறு தேவாலயத்தில்தான் அந்த டிலனாய் கிடக்கிறார். ஊர்க்காரர்கள் கோட்டையையே டிலனாய் கோட்டை என்றுதான் சொல்வோம்.

ஓவியத்தில் தோற்று நிற்பவருக்கு அப்போது வயது 25. பிரான்சின் அராஸ் ஊரில் பிறந்து, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடல் கடந்து வந்தவர். அவர் பேர் சொல்ல இருக்கும் வேலை எல்லாமே அந்தத் தோல்விக்குப் பிறகு செய்ததுதான். மன்னரின் மெய்க்காவல் படைக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் துப்பாக்கி சுடவும் கற்றுக்கொடுத்தார். இதே உதயகிரியைக் கல்லால் பலப்படுத்தி, உள்ளே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். கடலோரத்து வட்டக்கோட்டையிலும் அவர் கை உண்டு. சாதாரணக் கைதி 'வலிய கப்பித்தான்' ஆனார்; அதாவது திருவிதாங்கூர்ப் படைக்கே பெரிய தளபதி.

வடக்கே, மத்திய கேரளத்தில், கடற்கரையிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 48 கிலோமீட்டருக்கு நெடுங்கோட்டை எழுந்ததும் அவர் மேற்பார்வையில்தான். பெரும்பகுதி வெறும் மண் மேடுதான். முன்னால் அகழி, மேலே நெருக்கமாய் மூங்கிலும் முள்ளும். கல்லுக்குச் செலவழிக்காமல் செடியை வளர்த்துக் காவல் வைத்த கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கும். 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதல் அங்கே முறிந்தது. கட்டியவர் இறந்து அப்போது 12 ஆண்டு. மறு வருஷம் திப்பு அதை உடைத்து நுழைந்தார், அதையும் சொல்லிவிடுங்கள்.

புகழ் மட்டும் பாடச் சொல்லவில்லை. அவர் பழக்கிய படைதான் காயங்குளம் போன்ற அண்டை நாடுகளை விழுங்கியது. அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொல்லி ஆறுதல் தந்தவர் இவர்தான். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆன அந்த நண்பரை 1752இல் காற்றாடிமலையில் சுட்டார்கள். சுட்டது டிலனாய் சேவகம் செய்த அதே அரசின் வீரர்கள். அதன் பிறகும் 25 ஆண்டு அந்தச் சேவகத்திலேயே இருந்தார். ஏன் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நம்மைவிட நல்ல பதில் வரும்.

அடுத்த முறை மான் பூங்காவுக்கு அரை மணி குறைத்து, கல்லறைக்கு அரை மணி கொடுங்கள். கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. லத்தீன் வரி 'நில், வழிப்போக்கனே' என்று தொடங்கி, ஏறத்தாழ 37 ஆண்டு விசுவாசமாய்ச் சேவித்தவர் என்கிறது. இறந்த நாள் 1777 ஜூன் 1. பக்கத்தில் மனைவியும், 1765இல் களக்காட்டுச் சண்டையில் 19 வயதில் மாண்ட மகனும். தமிழ் எழுத்துகளைப் பிள்ளைகளே விரலால் தடவி எழுத்துக்கூட்டட்டும். பழைய எழுத்து, நேரமாகும். பஸ் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
புலியூர்க்குறிச்சிக்காரன் ஒருவன்